முனவ்வறா ஓட்டிய படகு

சாய்ந்தமருதில் கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் முனவ்வறாவுக்கு ஒரு வீடு இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். ஜுனைட்டும் அப்படித்தான் வந்தார். வந்த மூன்றாம் மாதமே கட்டாருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்த வீட்டுக்கு அவர் விருந்தாளி மாதிரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் நிற்பார். மகள் ஸம்றா வெட்கம் தெளிந்து அவரோடு கதைக்கத் தொடங்கும்போது பயண நாள் வந்துவிடும்.

முனவ்வறா வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். தனியாக இருப்பது அவளுக்குப் புதிது இல்லை. ஆனால் அந்தத் தனிமையில் ஒரு தெரு இருந்தது. அளவு கொடுக்க வரும் பெண்கள் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த ஒழுங்கையில் அவளுக்கு மூத்தவள், ராத்தா ஹாஜறா இருந்தாள். மீன்காரனின் சைக்கிள் மணி எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்பதை முனவ்வறா உள்ளே இருந்தே சொல்லுவாள்.

தோஹாவில் ஜுனைட்டுக்கு, பாய்ப்படகுகள் கட்டிக் கிடக்கும் ஒரு துறையில் வேலை. படகு கழுவுவது, பலகைக்கு வார்னிஷ் அடிப்பது, பாய்மரத்தில் ஏறிக் கயிறு மாற்றுவது. அந்தப் படகுகளில் குடும்பமாக இருந்த வெள்ளைக்காரர்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் படகிலேயே பாடம், படகிலேயே சமையல். மாதக்கணக்காக ஆயத்தம் செய்துவிட்டு ஒரு காலையில் புறப்பட்டுப் போவார்கள். ஜுனைட் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கரையில் நின்று கையசைப்பார். பதினான்கு வருடமும் அவர் அந்தத் துறையில், அலை தடுக்கக் கட்டிய கல்லணைக்குள்தான் இருந்தார்.

கொரோனாவோடு அந்த வேலை போனது. ஊர் வந்து ஒரு வருடம் அவர் எதிலும் மனம் வைக்கவில்லை. பிறகு ஒரு நாள் கூட்டாளியைப் பார்க்கத் திருகோணமலைக்குப் போனவர், ஒரு படகுக்குச் சொந்தக்காரராகத் திரும்பினார். முப்பத்தாறு அடி நீளம். ஜெர்மன்காரக் கிழவர் ஒருவருடையது. மனைவி மௌத்தான பிறகு அவருக்கு அதில் ஏற மனம் வரவில்லை. நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் போதும் என்று கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதை ஒரு மீன்பிடி ட்ரோலரின் பின்னால் கட்டி இழுத்து ஒலுவில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜுனைட் ட்ரோலரில் வந்தார். கரையில் இறங்கும்போது முகம் மஞ்சளாகக் கிடந்தது. ட்ரோலர்க்காரன் ஆக்கிய கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி இரண்டு நாள் படுத்திருந்தார்.

எழும்பியதும் திட்டத்தைச் சொன்னார். முதலில் ஒரு வருடம் மூன்று பேரும் படகிலேயே இருந்து பழகுவது. பிறகு தெற்கால் சுற்றி மாலைதீவு. அங்கிருந்து சீஷெல்ஸ், சன்சிபார். வீட்டை வாடகைக்குக் கொடுப்பது. முனவ்வறா சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே கேட்டாள். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்கு இருபது வயது. அன்றைக்குத் தங்கச்சியைக் கடலுக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் கடற்கரைப் பக்கம் போனதை விரல்விட்டு எண்ணலாம்.

மூன்றாம் நாள் ஜுனைட் அவளுடைய தையல் மெசினுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தார்.

"பதினாறு வருசத்துக்கு முன்ன நான் உன்ட வீட்டுக்கு வந்தன்," என்றார். "இப்ப நீ என்ட வீட்டுக்கு வா, முனவ்வறா."

அவர் அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. காசு அனுப்பினார், சாமான் அனுப்பினார், சுகம் விசாரித்தார். கேட்டதில்லை. அவள் ஓம் என்றாள்.

படகுக்கு ஸபீனா என்று பெயர் எழுதினார். அறபியில் கப்பல் என்று அர்த்தம். ஹாஜறா அதைக் கேள்விப்பட்டு, யார் அந்த ஸபீனா, தோஹாவில் இருந்தவளா என்று முனவ்வறாவிடம் இரகசியமாக விசாரித்தாள். இருவரும் அதற்குச் சிரித்தார்கள். ஆனால் வீட்டுத் திறப்பை வாடகைக்கு வந்தவர்களிடம் கொடுத்த அன்று ஹாஜறா சிரிக்கவில்லை.

அது ஊரெல்லாம் பெற்றோலுக்கும் டீசலுக்கும் வரிசையில் நின்ற வருடம். துறைமுகத்தில் மீன்பிடிப் போட்டுகள் அப்படியே கிடந்தன. காற்றில் ஓடும் படகு வைத்திருக்கிற ஜுனைட்டைக் கேலி செய்தவர்கள்கூட அப்போது வாய் திறக்கவில்லை.

படகுக்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் நிற்க இடம் இல்லை. ஒருவர் சமைத்தால் மற்றவர் கட்டிலில் ஏறிவிட வேண்டும். தையல் மெசினைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். தண்ணீர், கேன்களில் கரையிலிருந்து வர வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுழூ எடுக்க முனவ்வறா பழகினாள். தொழுகைக்கு நிற்பதில் வேறு சங்கடம் இருந்தது. நங்கூரத்தில் கிடக்கும் படகு காற்றுக்குத் தக்கபடி திரும்பும். மக்கா இருக்கும் பக்கமான கிப்லாவைத் திசைகாட்டியில் பார்த்து நின்றால், இரண்டாவது றக்அத்தில் படகு வேறு பக்கம் பார்க்கும். தொடங்கும்போது சரியாக நின்றால் போதும், மிச்சத்தை அல்லாஹ் அறிவான் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்.

ஹாஜறா ஒரேயொரு தடவை படகில் ஏறினாள். பத்து நிமிடத்தில் தலை சுற்றி, ஜுனைட் அவளைச் சின்ன வள்ளத்தில் கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வந்தால் கரையில் நின்று கதைப்பாள். பிறகு போனில் மட்டும். சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் அவ்வளவு தூரம் வர மினக்கெடவில்லை. ஸம்றா காலையில் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஜுனைட் பாய்மரத்தின் உச்சியில் இருப்பார், அல்லது எஞ்சினுக்குள் தலையை விட்டிருப்பார், அல்லது போனில் யாரோ ஒருவன் கடல் கடந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அளுத்கமையிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ அழைக்கும் ஆள்களோடு மணிக்கணக்காகப் படகைப் பற்றிக் கதைப்பார். அவளிடம், அந்த ஸ்பேனரை எடு, இந்தக் கயிற்றைப் பிடி என்பதோடு சரி. பதினான்கு வருடம் தூரத்தில் இருந்த மனிதன் இப்போது ஆறடி தள்ளி இருந்தார். அந்த ஆறடியில் போனும் இல்லை, கடிதமும் இல்லை.

மாரி தொடங்கியதும் இன்னும் மோசம். மழைக்கு எல்லாக் கதவும் மூடி, உள்ளே மண்ணெண்ணெய் மணமும் ஈரத் துணி மணமும். கல்லணைக்கு வெளியே கடல் இரைந்தது. அந்த இரண்டு மாதத்தில்தான் முனவ்வறா ஒரு கொப்பியைக் கண்டெடுத்தாள். ஜெர்மன்காரரின் மனைவி எழுதியது. மொழி விளங்காது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. பாயை எப்படிச் சுருட்டுவது, காற்று கூடினால் எந்தக் கயிற்றை இளக்குவது, கிழிசலுக்கு எந்தத் தையல். தையல் படங்களைப் பார்த்ததும் அந்த மனுசி யார் என்று முனவ்வறாவுக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பழைய பாய்கள் இரண்டையும் தைத்துச் சரிக்கட்டினாள். மற்றப் படங்களையும் விடவில்லை. விளங்காத சொற்களை ஸம்றா போனில் போட்டுத் தமிழாக்கிச் சொல்லுவாள்.

மாரி முடிந்து கடல் படுத்தது. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, முதல் ஓட்டம் என்று ஜுனைட் நாள் குறித்தார். திருகோணமலைக்குப் போய்த் திரும்புவது. துறைமுகத்துக் காவலாளி முத்தலிப் முந்தி ஆழ்கடலுக்குப் போனவர், முனவ்வறாவுக்குக் காக்கா, மூத்த அண்ணன் மாதிரி. அவர் கல்லணை முனையில் நின்று வழியனுப்பினார். விடிந்து வந்த தரைக்காற்று படகை அலுங்காமல் வெளியே எடுத்துப் போனது. ஜுனைட் சுக்கானில் இருந்தார். சிரித்த முகம். ஸம்றா படம் பிடித்தாள்.

இரண்டு மணித்தியாலத்தில் தென்னைகள் ஒரு கோடாகின. பிறகு பள்ளிவாசல் மினாராக்கள் தாழ்ந்தன. பிறகு வெயில் புகார் மூட்டத்தில் கரை இல்லை. அந்த நேரம் பார்த்துக் காற்றும் விழுந்தது. பாய் தொங்கியது. படகு முன்னுக்குப் போகாமல், வரும் அலைக்கெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிந்தது.

ஜுனைட் கதைப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் சுக்கானை ஒருக்காப் பிடி என்று முனவ்வறாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே போனார். திரும்பி வரவில்லை. ஸம்றாவிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு அவள் இறங்கிப் பார்த்தாள். அவர் நிலத்தில் இருந்து மேசைக் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். வாந்தி, சத்தி ஒன்றும் இல்லை. சேர்ட் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

இஞ்சித் தண்ணீர் தரவா என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"கரை தெரியல்ல, முனவ்வறா," என்றார். "எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்டுமில்ல. என்னால ஏலாது. திருப்பு."

அவள் மேலே வந்து ஸம்றாவிடமிருந்து சுக்கானை வாங்கினாள்.

எஞ்சினை அவள் கிளப்பவில்லை. ஏன் என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை. காத்திருந்தாள். மதியம் நெருங்க, கிழக்கே தண்ணீர் கறுத்து, கொண்டல் காற்று வந்தது. கரைக்குப் போகும் காற்று. முதுகுக்குப் பின்னால் வரும் காற்றில் பெரிய பாய் திடீரென்று மறுபக்கம் அடித்தால் ஆளையே தள்ளிவிடும் என்று கொப்பியில் படம் இருந்தது. அதனால் பெரிய பாயை இறக்கிக் கட்டி, முன்பாயை மட்டும் விட்டாள். திசைகாட்டியில் மேற்கைப் பிடித்தாள். பின்னால் வரும் அலை ஒவ்வொன்றும் படகின் பின்புறத்தைத் தூக்கி ஒரு பக்கம் திருப்பப் பார்க்கும். திரும்ப முந்தியே சுக்கானைக் கொடுக்க வேண்டும். நாலைந்து அலைக்குப் பிறகு அவள் கை தானாகவே அதைச் செய்தது.

அந்த மூன்று மணித்தியாலமும் அவளுக்குப் பயம் வரவில்லை. பயம் வருமென்று பார்த்துக்கொண்டே இருந்தாள், வரவில்லை. அவளுடைய தங்கச்சியை எடுத்த கடல் அதுதான். அதையும் நினைத்தாள். நினைத்தும், நெஞ்சுக்குள் என்னவோ இளகி, இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று இருந்தது. பக்கத்தில் மகள் இருந்தாள். கீழே கணவர் இருந்தார். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் கல்லணை தெரிந்தது. அப்போது ஜுனைட் முகம் கழுவிக்கொண்டு மேலே வந்தார். கையை நீட்டினார். முனவ்வறா எழும்பிச் சுக்கானைக் கொடுத்தாள். முத்தலிப் காக்கா பார்க்கும்போது படகை உள்ளே கொண்டுவந்தவர் ஜுனைட்தான். காற்று சரியில்லை என்று திரும்பிவிட்டோம் என்று அவர் சொன்னார். முத்தலிப் காற்றைப் பார்த்தார், ஓம் என்றார்.

அதற்குப் பிறகு படகில் வேலை கூடியது. பற்றரி மாற்ற வேண்டும், பிறகுதான் பயணம். வயலஸ் செட் போதாது, வேறு வர வேண்டும். ஒன்று முடிய இன்னொன்று. ஒவ்வொரு குறையையும் ஜுனைட் தேடிக் கண்டுபிடிப்பதை முனவ்வறா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருட மாரியும் வந்து போனது. ஸம்றா சோதனைக்குப் படிக்கவென்று ஹாஜறா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்து முனவ்வறா மெதுவாகச் சொன்னாள். நீங்கள் கீழே இருங்கள், நான் ஓட்டுகிறேன், கரை பார்த்துக் கரை பார்த்தே காலி வரைக்கும் போவோம், மகளுக்கு லீவு வரட்டும் என்றாள். மாலைதீவு வேண்டாம், காலி போதும் என்றாள்.

ஜுனைட் கை கழுவினார். வெகுநேரம் துடைத்தார்.

"இது நான் பதினாலு வருசம் கண்ட கனவு," என்றார். "நீ ஓட்டி நான் கீழ கிடந்தா, பிறகு எனக்கு என்ன இரிக்கி?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

இரண்டு மாதத்தில் அவர் தோஹாவுக்குப் போனார். அதே துறை, அதே வேலை. படகை விற்கச் சொல்லி விளம்பரம் போட்டுவிட்டுப் போனார். விற்கும் வரை நீ வீட்டுக்குப் போ என்றார். ஆனால் வாடகைக்காரரின் தவணை முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஹாஜறா தன் வீட்டுக்கு வரச் சொல்லி அழுதாள். படகுக்கு அடியில் ஊறும் தண்ணீரை ஒருவர் பம்பு அடித்து எடுக்க வேண்டும் என்று முனவ்வறா காரணம் சொன்னாள். உண்மைதான். முத்தலிப் காக்காவும் அதைச் செய்திருப்பார் என்பதும் உண்மைதான்.

அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று சொல்ல அதிகம் இல்லை. விடிய முன்னம் சுபஹு தொழுதுவிட்டுப் பம்பு அடிப்பாள். கயிறுகளை அவிழ்த்துத் திரும்பச் சுருட்டுவாள். மீன் போட்டுகளின் கூடாரத் துணி கிழிந்தால் தைத்துக் கொடுப்பாள். அவர்கள் மீனைக் கரையில் முத்தலிப்பிடம் வைத்துவிட்டுப் போவார்கள், படகுக்குக் கிட்ட வரமாட்டார்கள். தனியாக இருக்கிற பெண் என்ற மரியாதை அது. அந்த மரியாதையில் சில நாள் ஒரு சொல்லும் கதைக்காமலே பொழுது போனது. வெள்ளிக்கிழமை ஸம்றா வருவாள். அவள் வரும்போது முனவ்வறாவின் தொண்டை கட்டியிருக்கும். தடிமனா, சளியா உம்மா என்று கேட்பாள். இல்லை, கதைக்காமல் இருந்தது என்று எப்படிச் சொல்வது.

ஜூன் மாதம் படகுக்கு ஆள் வந்தது. நியூசிலாந்துக்காரத் தம்பதி, ஓய்வு பெற்றவர்கள். திருகோணமலையில் கொண்டுவந்து தந்தால் வாங்குகிறோம் என்றார்கள். ட்ரோலர் பிடித்து இழுத்துக் கொண்டுபோகச் சொல்லி ஜுனைட் போனில் சொன்னார். சரி என்றாள்.

ஆனால் அவள் ட்ரோலர்க்காரர் யாரிடமும் போகவில்லை. முத்தலிப்பிடம் போய் நின்றாள்.

"காக்கா, நான் ஓட்டுவன். ஒரு ஆம்புளத் துணைக்கு நீங்க வந்து சும்மா இருந்தாப் போதும்."

முத்தலிப் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அண்டைக்கு உள்ள கொண்டுவந்தது நீதான் தங்கச்சி," என்றார். "முன்பாயில மட்டும் வந்த படக அவர் ஓட்டி வரல்ல, அவரெண்டா எஞ்சினப் போட்டிருப்பார். எனக்குத் தெரியும்."

கச்சான் காற்றுக் காலம். கரையிலிருந்து வீசும் காற்றில் அலை எழும்பாது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, கரையை ஒட்டி வடக்கே ஓடியது. ஸம்றா கயிறுகளைப் பார்த்தாள். முத்தலிப் சொன்னபடியே முன்னால் இருந்து சுருட்டுக் குடித்துக்கொண்டு வந்தார், ஒரு தடவைகூடத் திரும்பி யோசனை சொல்லவில்லை. நிந்தவூர், காரைதீவு, பிறகு சாய்ந்தமருது. எங்கட வீடு எது உம்மா என்று ஸம்றா கேட்டாள். முனவ்வறா தேடினாள். தென்னையும் கூரையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சொல்ல முடியவில்லை. கல்முனையும் மருதமுனையும் கடந்து, பின்னேரம் பாசிக்குடாவில் நங்கூரம் போட்டார்கள். அடுத்த நாள் விடிந்ததும் புறப்பட்டுப் பொழுது சாய முன்னம் திருகோணமலை.

வாங்க வந்த மனுசி துறையில் நின்றாள். யார் ஓட்டி வந்தது என்று கேட்டாள். முத்தலிப் கையைக் காட்டினார். இரண்டு நாள் முனவ்வறா அவர்களுக்குப் படகைக் காட்டிக் கொடுத்தாள். ஸம்றா இடையில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். எந்தக் கயிறு இறுகும், எஞ்சின் எந்தச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம், மழைக்கு எந்த மூலை ஒழுகும். இரண்டாம் நாள் முடிவில் அந்த மனுசி, எங்களுக்கு வயது போய்விட்டது, ஒரு கை தேவை, தாய்லாந்து வரைக்கும் எங்களோடு வருகிறாயா, அங்கிருந்து விமானத்தில் அனுப்பி வைக்கிறோம் என்றாள். ஸம்றா அதைத் தமிழில் சொல்லிவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"போங்க உம்மா," என்றாள். "நான் பெரியம்மா வீட்ட இருப்பன்."

முனவ்வறா ஒரு நாள் தவணை கேட்டாள். காலையில், மகளுக்கு ஏ.எல். சோதனை வருகிறது, ஏலாது என்று சொன்னாள். சோதனைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. ஸம்றா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள், ஐந்து மாதம் என்பதைச் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஊருக்கு வந்து ஹாஜறா வீட்டில் இருந்தார்கள். வாடகைக்காரர் போனதும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக் குடிபுகுந்தாள். சீருடைத் தையல் திரும்ப வந்தது. பெண்கள் வந்து இருந்து கதைத்தார்கள். கடலுக்குள் போய் என்ன பாடுபட்டாய் என்று அனுதாபமாகக் கேட்டார்கள். அவள் ஓம் ஓம் என்றாள். பாடுபடவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பார்கள். ஸம்றா சோதனை எழுதிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். வீட்டில் முனவ்வறா மட்டும். பக்கத்தில் தெருவும் ஹாஜறாவும் மீன்காரனும் இருந்தும், முந்தி மாதிரி அந்தச் சத்தங்கள் அவளுக்குப் போதவில்லை.

ஜுனைட் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன் எடுப்பார். அங்கே வெயில், இங்கே மழை, மகள் காசு கேட்டாளா. படகைப் பற்றி இருவரும் கதைப்பதில்லை. ட்ரோலரில் இழுத்துக்கொண்டு போனதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். படகு போய் ஒன்றரை வருடம் கடந்து, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாம் கதைத்து முடித்துப் போனை வைக்கப் போகும் நேரத்தில் அவர் வைக்கவில்லை.

"அண்டைக்குத் திருகோணமலைக்குப் போகக்குள்ள," என்றார். "பயமா இரிக்கல்லையா?"

ஸம்றா சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னாளோ, எவ்வளவு காலமாக அவர் அதை வைத்துக்கொண்டிருந்தாரோ.

"இல்ல," என்றாள் முனவ்வறா.

தோஹாத் துறையில் பாய்மரங்களில் கயிறு அடிபடும் ஓசை மட்டும் போனுக்குள் கேட்டது. பிறகு அவர், குசினிக் கூரையில் ஒழுகிய இடத்தைத் திருத்தியாயிற்றா என்று கேட்டார். திருத்தியாயிற்று என்று அவள் சொன்னாள்.